ஒன்பது டப்பா மண்

நெடுங்கரிசல் என்று ஓர் ஊர். கோவில்பட்டிக்குக் கிழக்கே போய், பஸ் திரும்பிப் போகிற இடத்தில் இறங்கி, அதற்கு மேலும் நடக்கப் பொறுமை இருந்தால் போய்ச் சேரலாம். அந்த ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஓர் ஆடி மாதத்துக் காலையில் சுற்றறிக்கை ஒன்றை ஒட்டினார்கள். ஒட்டி முடித்த தலையாரி பசை வாளியைக் கழுவித் தண்ணீரைத் தரையில் வீச, அந்தத் தண்ணீர் விழுந்த இடத்தில், விழுந்த வடிவத்திலேயே நின்றுவிட்டது. மண்ணுக்குள் இறங்கவில்லை, சரிவைப் பார்த்து ஓடவில்லை, வெயில் ஏறினபிறகு வற்றவும் இல்லை. வீசின கையின் வளைவு மாறாமல், நுனியில் ரெண்டு சொட்டுத் தெறித்தபடி கிடந்தது. தலையாரி செருப்புக் காலால் தட்டிப் பார்த்தார், இளநுங்கு மாதிரி ஆடியது. "சரி, கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஊரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி எட்டு நாளைக்கு ஒருதரம் வருகிற ஊரில், சிந்தின தண்ணீர் சிந்தின இடத்திலேயே காத்திருக்கிறது என்றால் அதை யாராவது அதிசயம் என்பார்களா, தண்ணீருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்றுதான் சொல்வார்கள். மண்ணில் பட்ட தண்ணீர்தான் அப்படி நின்றது. அதை இரண்டு கையாலும் அள்ளி, அடியில் ஒட்டின புழுதியைத் தட்டிவிட்டுக் குடத்தில் போட்டால் மறுபடி பழைய தண்ணீர்தான், குடிக்கலாம், சோறு பொங்கலாம். ஒரு வாரத்துக்குள் பெண்கள் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓலைக்கூடையோடு லாரிக்கு வந்தார்கள். லாரிக்காரர் குழாயைத் தரையில் திறந்துவிட்டு பீடி குடித்தார், சண்டை இல்லை, வரிசை இல்லை. மிஞ்சியதைக் காளியம்மன் கோவிலுக்குப் பின்னால் கல் கல்லாக அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் ஒரு கை புழுதி தூவினார்கள். வாசல் தெளித்த தண்ணீர் முத்து முத்தாக நிற்க, அந்த முத்துகளையே புள்ளியாக வைத்துக் கோலம் போட்டார்கள். இத்தனை நாளும் சுவர் ஓரமாக ஒதுங்கிப் பழகியிருந்த ஆண்கள்தான் பாவம், அவரவர் செய்த காரியம் அவரவர் பேர் சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றதில், பஞ்சாயத்து கட்டிக்கொடுத்தும் பூட்டியே கிடந்த கழிப்பறைகளை வெட்கப்பட்டுக்கொண்டே திறந்தார்கள். ஆவணியில் கோட்டைச்சாமி என்கிற பெரியவர் தவறிப்போனார். சுடுகாட்டில் அவருடைய மகன் கொள்ளிக்குடம் சுற்றியபோது ஓட்டை வழியே விழுந்த தண்ணீர் மூன்று வளையமாக நின்றுவிட, அதைத் தாண்டி வெளியே வர மனசில்லாமல் மகன் உள்ளேயே வெகுநேரம் நின்றான். அந்த வளையங்களை மட்டும் யாரும் அள்ளவில்லை.

சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையை யாரும் படிக்கவும் இல்லை. படித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த வட்டாரத்துக் கரிசல் மண்ணில் ஈரம் எட்டு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் நீரோட்டம் சுழியம் என்று அளந்து கண்டறியப்பட்டிருப்பதாக அதில் போட்டிருந்தது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு தொலைபேசி எண். முனைவர் அ. பிலோமினா, மண் இயற்பியல் பிரிவு.

பிலோமினா ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நிற்கும், எப்படி நகரும் என்று கணினிக்குள் ஒரு பொய் மண்ணைச் செய்து, அதில் பொய் மழை பெய்யவிட்டு, பொய் வெயில் அடிக்கவிட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை. ஈர மண்ணைப் பற்றிக் கேட்டால் அந்தக் கணக்கு சமர்த்தாகப் பதில் சொல்லும். மண் காயக் காயத்தான் மக்கர் பண்ணும். ரொம்பக் காய்ந்த மண்ணில் தண்ணீர் தண்ணீராக ஓடாது, மண்துகளின்மேல் படலமாக ஊரும், இடைவெளிக்குள் ஆவியாக நகரும், அதற்கெல்லாம் எண் வேண்டும், எண் வேண்டுமென்றால் அளக்க வேண்டும். மண்ணை உப்புக் கரைசலின் மேல் கண்ணாடி ஜாடிக்குள் மூடிவைத்து, எடை மாறாமல் நிற்கிறவரை காத்திருக்க வேண்டும், ஒரு தடவைக்கு நாற்பது நாள், மூன்று தடவை.

அவளுக்கு இருந்தது பன்னிரண்டு நாள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து அறிக்கை எங்கே என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கோ காய்ந்த முனைக்கு வந்ததும் முடிவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி வந்தது, ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையிலும் அதே இடத்தில் நின்றது. பதினோராவது நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எட்டு விழுக்காட்டுக்குக் கீழே என்ற கட்டத்தில் அவள் ஒரு சுழியம் போட்டாள். கணக்கு ஓடிவிட்டது. அந்தப் பொய் மண்ணின்மேல் பெய்த பொய் மழை உள்ளே இறங்காமல் மேலேயே நின்றதைத் திரையில் அவள் பார்த்தாள். ஏதோ ஓரத்துப் பிழை என்று விட்டுவிட்டாள். அறிக்கையில், போட்டது என்று எழுதவேண்டிய இடத்தில் அளந்தது என்று எழுதினாள். அந்த அறிக்கை சுற்றறிக்கையாகி ஊர்ச் சுவருக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆனது.

அளந்திருக்கவேண்டிய மண் ஒன்பது அலுமினிய டப்பாக்களில் அவளுடைய ஆய்வகத்தில் இருந்தது. நெடுங்கரிசலில் வெள்ளைத்தாய் என்கிற பெண்ணின் புஞ்சையில் எடுத்தது. வெள்ளைத்தாய் ஐம்பது வயதுக்காரி, புருஷன் போனபின் நாலு ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறவள். மண் அள்ள வந்தவர்களை முதலில் அவள் விடவில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கும் வீட்டுக்கு வந்த சம்பந்திக்கும்கூடப் புஞ்சை மண்ணைச் சும்மா கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் திரும்பி வரவேண்டும், வருகிறவரை கொடுத்தவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருக்கும்.

"சோதிச்சுட்டு அப்படியே கொண்டாந்து தந்துருவேன்க்கா" என்று பிலோமினா அன்றைக்குச் சொன்னாள்.

"ஒன்பது டப்பா. மறந்துராதீக தாயி" என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே வெள்ளைத்தாய் முந்தானை நுனியை முடிந்தாள். அது நடந்து இரண்டு வருஷம்.

நெடுங்கரிசல் சேதி ஒரு பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில், "ஓடாத தண்ணீர்: கிராம மக்கள் மகிழ்ச்சி" என்று வந்தது. பிலோமினா அதை நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள். அவளுக்கு எதையும் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. திரையில் பார்த்த அதே மழை.  ஆனால் தலைப்பில் மகிழ்ச்சி என்று இருந்தது அல்லவா, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆவணியை ஓட்டினாள், புரட்டாசியை ஓட்டினாள். சுற்றறிக்கைக்காக அவளைப் பாராட்டி ஒரு கூட்டம் வைத்தார்கள், போர்த்திய சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்காமலே பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். முதல் சனிக்கிழமை மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாள், மாமியாரிடம் கோபப்பட்டதைச் சொன்னாள், இரண்டு பூசைக்குப் போகாததைச் சொன்னாள். சுழியத்தைச் சொல்லவில்லை. ஃபாதருக்கு மண் இயற்பியல் தெரியாதே என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சொன்ன பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கிடைத்தது.

நெடுங்கரிசலில் புரட்டாசிக் கடைசியில், எப்போதும் போல, மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்தார்கள். வெள்ளைத்தாய் குலுக்கையில் இருந்த பருத்தி விதை முழுவதையும், அடுத்த வருஷத்துக்கென்று ஒரு படிகூட மிச்சம் வைக்காமல், நாலு ஏக்கரிலும் போட்டாள். ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் மழை பெய்தது. இந்தப் பத்து வருஷத்தில் அப்படி ஒரு மழை கிடையாது. ஊரே வாசலில் வந்து நின்று நனைந்தது. மழை விட்டபின் புஞ்சைக்குப் போய்ப் பார்த்தார்கள். கணுக்கால் உயரத்துக்குத் தண்ணீர், வரப்புக்கு வரப்பு, கண்ணாடி மாதிரி. அந்தத் தண்ணீருக்கு அடியில், வெளுத்து வெடித்துக் கிடந்த கரிசல் அப்படியே தெரிந்தது. விரல் விட்டுத் தண்ணீரை விலக்கிக் கிளறினால் புழுதி பறந்தது. நாலு விரல்கடை ஆழத்தில் விதை காய்ந்த மேனிக்குக் கிடந்தது.

உழுது பார்த்தார்கள், தண்ணீர் கட்டி கட்டியாகப் புரண்டதே தவிரக் கரையவில்லை. கொத்தினார்கள், மிதித்தார்கள், காளியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கருத்தப்பாண்டி மட்டும் கலங்கவில்லை. "ஒரு வருசம் வெள்ளாமை போனாப் போகுது, இம்புட்டுத் தண்ணியையும் அடுக்கிட்டோம்னா பத்து வருசத்துக்கு லாரியே வேண்டாம்லா" என்று அவர் சொன்னதைப் பாதிப் பேர் தலையாட்டிக் கேட்டார்கள். வெள்ளைத்தாய் தலையாட்டவில்லை. மழை பெய்து எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், எட்டாம் நாள் பஞ்சாயத்துச் சுவருக்குப் போய், கடையில் இருந்த படிக்கத் தெரிந்த பெண்ணைக் கூட்டிவந்து, கீழே இருந்த எண்ணை ஃபோனில் போடச் சொன்னாள்.

"யாரு, மண்ணு கொண்டுபோன தாயியா?"

பிலோமினாவுக்குக் குரல் உடனே பிடிபட்டது. "ஆமாக்கா."

"எம் மண்ணு எப்ப வரும்?"

பிலோமினா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒன்பது டப்பா. போன மண்ணு வரலேன்னுதான் இருக்குற மண்ணு மொகத்தத் திருப்பிக்கிடுச்சுன்னு நெனைக்கேன். தண்ணிய வாயில ஊத்துனாலும் குடிக்க மாட்டேங்கு. வெத உள்ள கெடக்கு தாயி. இன்னும் ரெண்டு மூணு நாளு போச்சுன்னா பருவம் தப்பிரும். நான் உங்கள வையலே, கொண்டாந்து குடுத்துருங்க."

வைதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பிலோமினாவுக்கு. ஃபோனை வைத்துவிட்டு ஆய்வகத்துக்குள் போய், அலமாரியின் கடைசித் தட்டில், பழைய பதிவேடுகளுக்குப் பின்னால் கையை விட்டு அந்த ஜாடியை எடுத்தாள். அளக்க நேரமில்லாத அன்றைக்கு ஒன்பது டப்பாவையும் திறந்தபடியே உள்ளே வைத்து, ஜாடியின் வாயில் மெழுகு தடவி மூடியிருந்தாள். ஆறு டப்பாவில் மேல்மண், சருகாகக் காய்ந்தது. மூன்று டப்பாவில் முழ ஆழத்து மண், கொஞ்சம் ஈரம் இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் எடை போட்டுவிடலாம் என்று தராசில் வைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

உள்ளே வைத்த அன்றைக்குக் குறித்திருந்த எடையோடு ஒப்பிட்டால், ஈரமாயிருந்த மூன்றும் எடை குறைந்திருந்தன. காய்ந்திருந்த ஆறும் கூடியிருந்தன. மூன்று இழந்ததும் ஆறு பெற்றதும் ஒரே எடை. டப்பாவுக்கு டப்பா ஒட்டில்லை, உறவில்லை, நடுவில் வெறும் காற்று. போகாது என்று அவள் எழுதிய இடத்துக்குள், அவளுடைய அலமாரியிலேயே, யாரும் பார்க்காதபோது, இரண்டு வருஷமாகத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. தராசு முன்னால் உட்கார்ந்து அவள் அழுதாள். பொய் சொன்னோம் என்று அவளுக்கு முன்பே தெரியும், அது புதிதில்லை. ஒருதரம் கையை நீட்டி அந்த ஜாடியைத் திறந்திருந்தால் போதும் என்பதுதான் புதிது.

மறுநாள் காலை ஒன்பது டப்பாவையும் ஒயர்கூடையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். மண்ணைக் கொடுத்துவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லாமலே திரும்பிவிடலாம் என்ற நப்பாசை அவளுக்கு இன்னும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைத்தாய் சொன்ன காரணமே சரியாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும், மண் கோபித்துக்கொண்டிருக்கிறது, மண்ணைக் கொடுத்தால் கோபம் தீர்ந்தது, சுழியத்தை யார் கேட்கப்போகிறார்கள். வழியெல்லாம் அதையே வேண்டிக்கொண்டு போனாள்.

புஞ்சையில் வெள்ளைத்தாய் காத்திருந்தாள். சேதி தெரிந்து தலைவரும் ஊரில் பாதிப் பேரும் வரப்பில் வந்து நின்றார்கள். பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டு, அசையாத தண்ணீரின்மேல் நடந்துபோய், எடுத்த இடம் எதுவென்று குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு டப்பாவாகத் தட்டினாள். மண் தண்ணீரின்மேல் விழுந்தது, விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. ஒன்பது சிறு குவியல். அவ்வளவுதான்.



"மண்ணு வந்துருச்சு" என்றாள் வெள்ளைத்தாய். "இன்னும் என்னமோ வர வேண்டியது இருக்கு போலயே. ஒங்க மொகத்துலயே தெரியுது தாயி."

"தலைவலிக்கா. பஸ்ல வந்தது."

வெள்ளைத்தாய் குனிந்து, தண்ணீரை ஒரு கையளவு விலக்கி, புழுதிக்குள் விரலை விட்டு ஒரு பருத்தி விதையை எடுத்து, பிலோமினாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவ்வளவு மழை பெய்த வயலில் அது சூடாக இருந்தது.

"அக்கா, அந்த மண்ண நான் அளக்கவே இல்ல" என்றாள் பிலோமினா.  "நாள் இல்ல. கணக்கு நிக்க மாட்டேன்னுச்சு. காஞ்ச மண்ணுல தண்ணி போகாதுன்னு நானாத்தான் போட்டேன். அளந்து பாத்தேன்னு எழுதிக் கையெழுத்தும் வச்சேன். அந்தக் காகிதம்தான் உங்க சுவத்துல ஒட்டியிருக்கு. அது பொய்க்கா. எவ்வளவு காஞ்சாலும் போகும். போய்க்கிட்டுதான் இருக்கும். எனக்குத் தெரியும், ஆவணியிலயே தெரியும், வாயத் திறக்காம இருந்துட்டேன்."

முதலில் சத்தம்தான் கேட்டது. நெடுந்தூரம் நடந்து வந்த எருமை தொட்டியில் வாயை வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், காலுக்கு அடியிலிருந்து. ஒன்பது குவியலும் ஒவ்வொன்றாகக் கறுத்து உள்ளே அமிழ்ந்தன, அவற்றைச் சுற்றித் தண்ணீர் குழிந்தது, குழிந்தது அகன்றது, வெடிப்புகளுக்குள் தண்ணீர் சலசலவென்று இறங்க, மண்ணிலிருந்து காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியே வந்தது, முதல் மழையின் வாசனை ஒன்பது நாள் பிந்தி ஊர் முழுக்க எழுந்தது. வெளிறிய கரிசல் வரப்புக்கு வரப்பு கறுத்துக்கொண்டே போனதைப் பார்த்துச் சிலர் குலவையிட்டார்கள்.

குலவை அடங்குவதற்குள் ஊருக்குள்ளிருந்து கூச்சல் கேட்டது. காளியம்மன் கோவிலுக்குப் பின்னால் ஆடியிலிருந்து சேர்த்து அடுக்கிய தண்ணீரும், ஒரு கல் பாக்கியில்லாமல், தரைக்குள் போய்விட்டிருந்தது. "நாசமாப் போச்சு! இந்தம்மா பாட்டுக்கு வந்து ஒரு வார்த்தையச் சொல்லிட்டு, ஊருத் தண்ணி பூராவும் போச்சே!" என்று கருத்தப்பாண்டி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சிலர் பிலோமினாவை நேருக்கு நேராகவே ஏசினார்கள், அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கோட்டைச்சாமியின் மகன் மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் சுடுகாட்டுப் பக்கம் ஓடினான். அங்கே மூன்று வளையமும் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்தபின் பிலோமினா வெள்ளைத்தாயின் பக்கம் வந்தாள். "முளைச்சுரும்லாக்கா?"

"முளைக்கும்." வெள்ளைத்தாய் ஈர மண்ணைப் பிடித்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காய்க்குமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஒன்பது நாளு பிந்திருச்சு. மார்கழிப் பனிக்கு முன்னால பூ நிக்கணும்."

"என்ன மன்னிச்சுருங்கக்கா."

வெள்ளைத்தாய் கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உருவி, நுனியில் இருந்த முடிச்சை, இரண்டு வருஷமாகச் சேலைக்குச் சேலை மாற்றி மாற்றி முடிந்து இறுகிப்போனதை, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். பிறகு பிலோமினாவின் முந்தானையைப் பிடித்தாள். அந்த விதை இன்னமும் பிலோமினாவின் உள்ளங்கையில்தான் இருந்தது. அதை வாங்கி, முந்தானை நுனியில் வைத்து, சுற்றி, இறுக்கி முடிந்தாள்.

"மண்ணக் குடுத்துட்ட, அது தீந்துச்சு" என்றாள். அத்தனை நாளில் முதல்தடவையாக நீ என்றாள். "அந்த ஒன்பது நாள எங்கேர்ந்து குடுப்ப? நான் சொமந்தது போதும் தாயி. இனி நீ வச்சுக்கோ."

அந்த வருஷம் வெள்ளைத்தாயின் நாலு ஏக்கரில் பாதிதான் தேறியது. மறுவருஷ விதைக்கே அதில் முக்கால்வாசி போய்விட்டது. பிலோமினா சென்னைக்கு எழுதிப்போட்டாள், பாராட்டினவர்களே விசாரணை வைத்தார்கள், சுற்றறிக்கையைக் கிழித்தார்கள், அவளை அறிக்கை எழுதுகிற வேலையிலிருந்து எடுத்து மண் எடை போடுகிற வேலையில் விட்டார்கள். அவள் நாற்பது நாள் வேலையை நாற்பது நாள் செய்கிறாள். கேட்டு அனுப்புகிறவர்களுக்கு, இன்னும் அளந்து முடியவில்லை என்று பதில் எழுதுகிறாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன், நேற்றைய சேலையின் முடிச்சை அவிழ்த்து, அந்த விதையை எடுத்து, இன்றைய சேலையின் நுனியில் வைத்து முடிந்துகொள்கிறாள். மழை பெய்கிற நாளில் அந்த முடிச்சு நனைகிறது. விதை மட்டும் இதுவரை நனையவில்லை.